முப்பத்தொன்பது என்னும் எண்ணின் இன்மை குறித்து ஒரு விசாரணை

விடைத்தாள் திருத்துதல் என்னும் கிரியையைப் பற்றி நம் முன்னோர் எவரும் சூத்திரம் இயற்றாமற் போனதற்கு, அக்காலத்துக் குருமார்கள் சீடனை எதிரே நிறுத்தி வாய்மொழியாகவே சோதித்தார்கள் என்பதும், நிற்பவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே அரை மதிப்பெண் குறைக்கும் மனத்திடம் அவர்களுக்கு இல்லை என்பதுமே காரணமாதல் வேண்டும். 1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய நகரங்களில் சர்வகலாசாலைகள் தோன்றி, ஆசிரியருக்கும் மாணாக்கனுக்கும் நடுவே காகிதமும், அக்காகிதத்தின் மேல் பெயருக்குப் பதிலாக ஓர் எண்ணும் வந்து நின்ற பிறகுதான் இக்கலை நம் நாட்டில் வளரத் தொடங்கிற்று.

தார்க்கிகர்கள் கூறும் பிரமாணங்களுள் மூன்று இங்கே செல்லுபடியாகின்றன. கட்டைப் பிரித்தவுடன், கூடுதல் தாள்கள் எத்தனை கோக்கப்பட்டிருக்கின்றன, நூலின் முடிச்சு எத்தகையது, கையெழுத்து வரிசை பிசகாமல் செல்கிறதா என்று நோக்குவது பிரத்தியட்சம். முதல் விடையைப் படித்து மற்ற விடைகளைப் படிக்காமலே அறிந்துகொள்வது அனுமானம். 'கீ' என்று விடைத்தாள் திருத்தும் முகாமில் வழங்கும் விடைக்குறிப்பு ஆகமம். பக்கத்து மேசைக்காரரோடு வாதம் மூண்டாலொழிய இதனை எவரும் புரட்டுவதில்லை.

இனி நம் பிரதான விஷயம். இளங்கலைத் தேர்வில் தேறுவதற்கு 40 வேண்டும் என்று விதி இருக்க, கூட்டிப் பார்க்கையில் 39 வந்துவிட்டால், தேர்வாளர் சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றியபடியே திரும்பவும் முதற்பக்கத்துக்குச் செல்கிறார். மணிமேகலையின் அமுதசுரபியைப் பற்றிய வினாவுக்கு, பசி கொடியது என்னும் ஒரே கருத்தை ஐந்து பத்திகளில் ஐந்து விதமாக எழுதியிருந்தவனிடத்தில், முதல் வாசிப்பில் புலப்படாத ஒரு தத்துவ ஆழம் இரண்டாம் வாசிப்பில் புலப்படுகிறது. 4 அடிக்கப்பட்டு 5 ஆகிறது. அடித்த இடத்தில், விதிப்படி, சுருக்கொப்பமும் விழுகிறது. 38க்கும் இதே கதிதான். 34 எடுத்தவனுடைய தாளிலோ எத்தனை முறை புரட்டினாலும் அத்தகைய ஆழம் தென்படுவதே இல்லை. இஃது ஏன் என்பது ஆராய்ச்சிக்குரியது.

37இல்தான் வித்துவான்கள் பிளவுபடுகிறார்கள். குரங்குக் குட்டி தாயை இறுகப் பற்றிக்கொள்வதுபோல மாணவன் ஒரு பிடியாவது பிடித்திருக்க வேண்டும், அதாவது கடைசி வினாவுக்கு எண்ணையாவது எழுதி வைத்திருக்க வேண்டும், என்பது ஒரு கட்சி. தாய்ப்பூனை குட்டியைத் தானே கவ்விச் செல்வதுபோல நாமே தூக்கிவிட வேண்டும் என்பது மறு கட்சி. வைணவர்கள் நெடுங்காலமாக நடத்திவரும் இவ்விவாதம், முகாமில் மட்டும் பகலுணவுக்குப் பின்பு தானாகவே பூனையின் பக்கம் சாய்ந்துவிடுவதை அடியேன் கவனித்திருக்கிறேன்.

மேனாட்டாரும் இத்துறையில் உழைக்காமல் இல்லை. டாக்கா சர்வகலாசாலையின் முதல் துணைவேந்தராக விளங்கிய பிலிப் ஹார்டாக், ரோட்ஸ் என்பவரோடு சேர்ந்து 1935இல் வெளியிட்ட நூலில், முன்பு ஒரே மதிப்பெண் பெற்றிருந்த 15 சரித்திர விடைத்தாள்களைத் தேர்வாளர் பலரிடம் கொடுத்து, ஓராண்டுக்கு மேல் கழித்து அவர்களிடமே மீண்டும் கொடுத்ததில், 210 தீர்ப்புகளுள் 92 மாறிவிட்டன என்று கணக்குக் காட்டப்பட்டுள்ளது. தேர்வாளர் நிலையற்றவர் என்று இதற்குப் பொருள் கொள்வது சம்பிரதாய விரோதம்; ஆகவே விடைத்தாளானது அலமாரியில் இருக்கும்போதே குணம் திரியும் ஒரு திரவியம் என்று கொள்வதே நமக்குத் தகும்.

'தலைமைத் தேர்வாளர் சிலவற்றை எடுத்து மறுபடி பார்க்கிறாரே, பிழை எங்ஙனம் தங்கும்?' என்று பூர்வபட்சிகள் ஆட்சேபிக்கலாம். அவர் எடுப்பது கட்டின் மேலிருந்துதான். அது முகாமில் அனைவருக்கும் தெரியுமாதலால், மேலிருக்கும் தாள்கள் வரி விடாமல் படிக்கப்படுகின்றன.