அல்வாப் பதத்தில் ஒரு சோப்பு

“பொட்டாஷ் எத்தன ஏக்கருக்கு சார்?” என்று கேட்டார் உரக்கடைக்காரர்.

“ஏக்கருக்கு இல்ல அண்ணாச்சி. அரைக்கிலோ தேங்காய் எண்ணெய்க்கு.”

அவர் பேனாவைக் காதில் செருகிக்கொண்டு என்னை நிதானமாகப் பார்த்தார். தப்பு அவர்மேல் இல்லை. கெமிக்கல் கடையில் “பொட்டாஷா? உரக்கடையில கேளுங்க” என்று அனுப்பிவிட்டார்கள். செங்கல் பொடி மாதிரி இருக்கும் அந்த உரம் பொட்டாசியம் குளோரைடு. தென்னைக்கும் வாழைக்கும் போடலாம். எண்ணெயில் போட்டுக் கிண்டினால் உப்புப் போட்ட எண்ணெய்தான் மிஞ்சும். எனக்கு வேண்டியது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. காஸ்டிக் சோடா போட்டால் கட்டி சோப்பு, இதைப் போட்டால் திரவ சோப்பு. இந்த ஒரு வரியைப் பாளையங்கோட்டைக் கடைக்காரர்களுக்கு விளங்கவைக்க எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. கடைசியில் பள்ளிக்கூட லேபுகளுக்குச் சாமான் கொடுக்கும் ஒரு கடையில் கிடைத்தது. வெள்ளை டப்பா. மேலே, சொட்டு விழுந்து கை அரித்துப்போகிற படம். இயற்கை சோப்புக்கான மூலப்பொருள் இப்படியாக வீடு வந்து சேர்ந்தது.

இத்தனைக்கும் காரணம் ஒரு செய்தி. 2016-ல் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் கிருமிநாசினி சோப்புகளில் கலக்கும் டிரைக்ளோசான் உட்பட 19 ரசாயனங்களுக்குத் தடை போட்டது என்று எப்போதோ படித்திருந்தேன். வெறும் சோப்பும் தண்ணீரும் செய்வதைவிட இவை கூடுதலாக எதையும் செய்கின்றன என்று கம்பெனிகள் நிரூபிக்கவில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். ஒருநாள் ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் இதை வீட்டில் அறிவித்து, “இனிமே நம்ம வீட்டுல மூலிகை சோப்புதான். நானே பண்றேன்” என்றேன்.

“வெறும் சோப்பே போதும்னுதானங்க அவங்க சொல்லிருக்காங்க?” என்றாள் மனைவி, தோசையைத் திருப்பிக்கொண்டே.

விஷயம் அங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் எனக்குள் ஒரு சித்தர் ஏற்கெனவே எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

முதலில் பூந்திக்கொட்டையில்தான் ஆரம்பித்தேன். ஆச்சி காலத்தில் பட்டுப்புடவைக்கும் ஆசாரிமார் நகை கழுவுவதற்கும் இதுதான். ஊறவைத்துக் கொதிக்கவைத்து வடிகட்டினால் பழுப்பு நிறத்தில் ஒரு சாறு, குலுக்கினால் பொங்கும் நுரை. எவ்வளவு எளிது என்று பெருமையோடு பாட்டிலில் அடைத்து மூடினேன். நாலாம் நாள் விடியற்காலையில் குளியலறையில் ‘டப்’பென்று சத்தம். மூடி ஒரு மூலையில் கிடந்தது. சாறு புளித்துக் கள்ளாகியிருந்தது. எந்தக் கிருமியைக் கொல்லப் புறப்பட்டேனோ அதன் குடும்பத்துக்கே மூன்று நாளாகச் சோறு போட்டிருக்கிறேன்.

அதற்குப் பிறகுதான் வெள்ளை டப்பாவுக்கு வந்தேன். கணக்கு சுலபம். ஒரு கிராம் தேங்காய் எண்ணெய் முழுதும் சோப்பாக ஏறக்குறைய 0.257 கிராம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு வேண்டும். 500 கிராமுக்கு 128.5. டப்பாவில் இருப்பது 90 சதவீதச் சுத்தம்தான் என்பதால் 143. காரம் மிஞ்சிக் கையைக் கடிக்காமல் இருக்க மூன்று சதவீதம் குறைத்தால் 138 கிராம், சொச்சத்தை விட்டுவிடலாம். நகைக்கடைத் தராசுக்காரர் மாதிரி மூச்சை அடக்கி நிறுத்தேன். கண்ணுக்குப் பாதுகாப்பு வேண்டுமே என்று பைக் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டேன். பால்காரர் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, “அடுப்படிக்குள்ளயுமா சார் போலீஸ் புடிக்கான்?” என்றார்.

தண்ணீரில்தான் காரத்தைப் போட வேண்டும். காரத்தின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்து முகத்தில் அடிக்கும். இதை நன்றாகப் படித்து வைத்திருந்தேன். எந்தப் பாத்திரத்தில் என்பதைத்தான் படிக்கவில்லை. கைக்கு அகப்பட்டது அம்மாவின் பழைய அலுமினியக் குண்டான். தண்ணீர் ஊற்றி, காரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவினேன். ‘ஸ்ஸ்ஸ்’ என்று ஒரு சீறல். அடியிலிருந்து சாம்பல் நிற நுரை கிளம்பியது. தண்ணீர் கறுத்தது. குண்டானின் பளபளப்பு கண்ணெதிரே பொரிந்து உதிர்ந்தது. காரம் அலுமினியத்தைத் தின்னும், தின்று ஹைட்ரஜன் வாயுவை விடும் என்பது பத்தாம் வகுப்பில் படித்த பாடம். பக்கத்து அடுப்பு சாம்பாருக்காக எரிந்துகொண்டிருந்தபோதுதான் அது நினைவுக்கு வந்தது.

அம்மா ஓடிவந்து முதலில் கேஸை அணைத்தாள். அப்புறம் ஜன்னலைத் திறந்தாள். அதற்கப்புறம்தான் குண்டானைப் பார்த்தாள்.

“ஏல, இதுலதாம்ல ஒனக்கு வெந்நி போட்டு ஊத்துனேன்.”

ஹெல்மெட்டின் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டேன்.

மறுநாள் எவர்சில்வர் பாத்திரம். பெரிய சட்டியில் வெந்நீர், அதற்குள் இது. எண்ணெயும் காரத்தண்ணீரும் சேர்ந்து முதலில் மோர் மாதிரி இருந்தது. மத்தால் கடைந்தேன். அரைமணி நேரத்தில் தோசைமாவு. அப்புறம் கூழ். அப்புறம் ஒரேயடியாக இறுகிக் கேப்பைக்களி. மத்து நட்ட கொடிமரம் போல நின்றுவிட்டது. காரியம் கெட்டது என்று கரண்டியைக் கீழே வைத்தபோது அம்மா எட்டிப் பார்த்தாள். முந்தின நாள் கோபம் அவள் முகத்தில் அப்படியே இருந்தது. ஆனால் சட்டியில் ஏதோ ஒன்று அரைகுறையாக நிற்பதைப் பொறுத்துக்கொள்ள அவளால் முடியாது.

“தீயக் கொற. கைய எடுக்காத. களி மாதிரி இருக்கும், பெறவு எளகும்.”

அவள் சோப்புக் காய்ச்சியதே இல்லை. காய்ச்சியதெல்லாம் தீபாவளிக்குக் கோதுமை அல்வா. கரண்டியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு, சேலையை இழுத்துச் செருகி, சட்டி ஓரத்திலிருந்து வழித்து நடுவுக்குக் கொண்டுவந்து மடித்து மடித்துக் கிண்டினாள். கையுறையை மட்டும் கெஞ்சிப் போடவைத்தேன். சொன்னபடியே இளகியது. வெண்மை போய் ஓரங்களில் கண்ணாடி போல ஊடுருவும் நிறம் வந்தது. மூன்று மணி நேரத்தில் மொத்தமும் பளபளவென்று வேஸலின் மாதிரி சுருண்டு வந்தது. நான் படித்த குறிப்புகளில் இதை விளக்க இரண்டு பக்கம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். “இன்னும் ரெண்டு கிண்டு, சட்டியில ஒட்டாம வந்துரும்” என்று அம்மா ஒரே வாக்கியத்தில் முடித்தாள்.

காரம் மிச்சமிருக்கிறதா என்று பார்க்க ஒரு பழைய முறை உண்டு: ஒரு துளியைத் தண்ணீரில் கரைத்து நாக்கு நுனியில் வைப்பது. மிச்சமிருந்தால் பேட்டரி முனையைத் தொட்டதுபோல் சுரீரென்று அடிக்கும். எனக்கு அடிக்கவில்லை. சோப்பு ருசிதான் இருந்தது. இரவு ரசத்திலும் அதே ருசி.

இனி மூலிகை. வேப்பிலை, துளசி, குப்பைமேனி மூன்றையும் கஷாயம் வைத்திருந்தேன். குப்பைமேனியைக் காசு கொடுத்து வாங்க நாட்டுமருந்துக் கடைக்குப் போய்த் திரும்பியபின்தான், வீட்டுக் காம்பவுண்டை ஒட்டியே அது செழித்து வளர்ந்திருந்ததைப் பார்த்தேன். கூடவே ஒரு ஸ்பூன் வேப்பெண்ணெய். ஒரே ஒரு ஸ்பூன். வாடிய வெங்காயமும் பழைய பூண்டும் சேர்ந்தாற்போல ஒரு வாடை வீடெங்கும் பரவி, திரைச்சீலையில் ஏறி, மூன்று நாள் தங்கியது. வேப்பெண்ணெயிலிருந்து எடுக்கும் பூஞ்சைக்கொல்லிக்கு ஐரோப்பாவில் அமெரிக்கர்கள் காப்புரிமை வாங்கி, அது 2000-ல் ரத்தாகி, அவர்கள் மேல்முறையீடு செய்து 2005-ல் அதிலும் தோற்றார்கள். இந்த வாடைக்காகவா அத்தனை வருஷம் வழக்காடினார்கள் என்று தோன்றியது. மனைவி மூக்கைப் பிடித்தபடி, “அவங்களுக்கே குடுத்திருக்கலாம்” என்றாள்.

கடைசியாக மஞ்சள். மஞ்சள் இல்லாமல் என்ன மூலிகை? அரை ஸ்பூன் பொடியைத் தூவிக் கலக்கினேன். பொன் நிறத்தில் ஒரு சோப்பை மனசுக்குள் பார்த்து வைத்திருந்தேன். தூள் பட்ட இடமெல்லாம் சிவந்தது. கலக்கக் கலக்க இன்னும் சிவந்தது. இரண்டு நிமிஷத்தில் பாத்திரம் முழுக்க ரத்தச் சிவப்பு.

“யாருக்குல ஆரத்தி?” என்றாள் அம்மா.

சோப்பு என்றாலே காரம்; அதன் பி.எச். அளவு 9-லிருந்து 10 வரை இருக்கும். காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும். மஞ்சளில் சுண்ணாம்பு கலந்து ஆரத்தி கரைப்பதும் இதே வேதியியல்தான். பி.எச். தாள் வாங்கிய எனக்கு இது தோன்றவில்லை. கல்யாண வீடுகளில் தாம்பாளம் ஏந்திய அம்மாவுக்கு அது தெரியாமல் இருக்குமா?

பசையைத் தண்ணீரில் கரைத்தால் திரவ சோப்பு. போர் தண்ணீரில் கரைத்தேன். எங்கள் போர் தண்ணீரில் குக்கரே வெள்ளை பூக்கும்; சோப்பு சும்மா இருக்குமா? தண்ணீரிலிருந்த கால்சியம் சோப்பைப் பிடித்துக்கொள்ள, திரிதிரியாக வெள்ளைச் செதில்கள் மிதந்தன. பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, “எலுமிச்சம்பழம் பிழிஞ்சு பாருங்க தம்பி, நல்ல கிருமிநாசினி” என்றார். ஒரு கிண்ணத்தில் எடுத்துப் பிழிந்தேன். பால் திரிவதுபோல் திரிந்து, மேலே எண்ணெய்ப் பிசுக்கு கட்டியது. பாடுபட்டுச் சேர்த்துவைத்த எண்ணெயையும் காரத்தையும் ஒரே ஒரு எலுமிச்சம்பழம் விவாகரத்து பண்ணிவிட்டது. பிறகு பெட்ரோல் பங்கிலிருந்து பேட்டரி தண்ணீர் வாங்கிவந்து மிச்சப் பசையைக் கரைத்ததில், தெளிவாக, சிவப்பாக, தண்ணீர் மாதிரி ஒரு திரவம் கிடைத்தது. கடைச் சோப்பு மாதிரி கொழகொழப்பெல்லாம் கிடையாது. பம்பை அமுக்கினால் எதிரே நிற்பவர் சட்டையில் பீய்ச்சும்.

ஆனால் நுரைத்தது. எண்ணெய்ப் பிசுக்கு போயிற்று. மைக்ரோபயாலஜி படிக்கும் தம்பி மகள் லீவுக்கு வந்தபோது, வெற்றிக்களிப்போடு அவளிடம் நீட்டினேன். “வேம்பு, துளசி, குப்பைமேனி மூணும் பாக்டீரியாவக் கொல்லும்னு ஆராய்ச்சி இருக்கில்ல?”

“இருக்கு பெரியப்பா. தட்டுல பாக்டீரியா வளர்த்து, சாறு வச்சா சுத்தி வளராம ஒரு வளையம் விழும். நாங்களே பண்ணிருக்கோம். ஆனா தட்டுல அது ராத்திரி முழுக்க இருக்கும். ஒங்க கையில இருபது செகண்ட் இருக்குமா?”

நான் பதினைந்தில் கழுவிவிடுகிற ஆள்.

“அப்போ கை சுத்தமானது?”

“அது சோப்பு பண்ணது.” சோப்பு மூலக்கூறின் ஒரு முனை தண்ணீரோடு ஒட்டும், மறுமுனை எண்ணெயோடு ஒட்டும், முகம் கொடுத்துப் பேசாத இரண்டு வீட்டையும் கல்யாணத் தரகர் சேர்த்துவைப்பதுபோல அழுக்கையும் கிருமியையும் தண்ணீரிடம் பிடித்துக்கொடுத்து அனுப்பிவிடும். கொழுப்பு உறை போர்த்திய கொரோனா மாதிரி வைரஸ்களின் போர்வையையே கிழித்துவிடும். இலைக்கு இதில் வேலை நிறமும் வாசமும்தான். தரகர் என்றது நான். மீதியெல்லாம் அவள்.

உள்ளிருந்து மனைவியின் குரல் வந்தது: “அன்னைக்கே தோசை சுடும்போது சொன்னேன்.”

மிஞ்சிய கஷாயத்தைப் பாட்டிலில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வைத்திருந்தேன். மூன்று வாரம் கழித்து எடுத்துப் பார்த்தால், மேலே பஞ்சு பஞ்சாகப் பூஞ்சை. தம்பி மகள் அதைப் போட்டோ எடுத்துக்கொண்டாள்.

பக்கத்து வீட்டு அக்கா இரண்டு பாட்டில் விலைக்குக் கேட்டார். விற்பதற்குச் சோப்புத் தயாரிக்க லைசென்ஸ் வேண்டும் என்று சொல்லித் தப்பித்தேன். சும்மா தருகிறேன் என்றதற்கு, வாடையை முகர்ந்துவிட்டு அவரும் தப்பித்தார். அம்மா மட்டும் மிச்சப் பசையை ஹார்லிக்ஸ் பாட்டிலில் அடைத்து வைத்திருக்கிறாள். குத்துவிளக்கின் எண்ணெய்ச் சிக்குக்கு அதுபோல் ஒன்று வராதாம். “ஆச்சி சாம்பல் போட்டுத் தேப்பா, அதே மாதிரி போவுது” என்றாள். சாம்பலில் இருப்பதும் பொட்டாசியக் காரம்தான் என்று விளக்க வாயெடுத்தேன். விளக்கைத் துடைக்கும் துணியை என் கையில் கொடுத்துவிட்டாள்.

அந்த அலுமினியக் குண்டானை வீசவில்லை. அடியில் ஏழெட்டுப் பொத்தல், தண்ணீர் வடிய அளவாக. அலசி அலசிக் கழுவி, வெளிப்பக்கம் பெயிண்ட் அடித்து, மண் நிரப்பி, துளசி வைத்துவிட்டாள். இப்போது நன்றாகக் கிளைத்திருக்கிறது. போன வாரம் நாலு இலை பறிக்கக் கை நீட்டினேன்.

“அது சாமிக்கு” என்றாள். “காம்பவுண்டு ஓரமா குப்பைமேனி கெடக்கு, அதப் பறிச்சுக்கோ.”