மிஸ்ஸி கேள்வி, மாமா பதில்

தாதி ஒருவர், கிள்ளான்: லைசென்ஸ் புதுப்பிக்க சிபிடி (தொடர் தொழில் பயிற்சி) புள்ளி கேட்கிறார்கள். வார்டில் நாள் முழுக்க ஓடுகிறோமே, அது போதாதா?

ஓடினால் கால் தேறும். 1950-ஆம் ஆண்டின் தாதியர் சட்டப்படி பெயரைப் பதிவது ஒருமுறை, தொழில் சான்றிதழ் வருடா வருடம். கருத்தரங்குக்குப் போங்கள். பீஹூன் பொட்டலம் வாங்கியதும் நழுவாதீர்கள்.

பயிற்சித் தாதி, பூச்சோங்: பிறந்த குழந்தை மூச்சு விடவில்லை என்றால் எவ்வளவு நேரம் இருக்கிறது?

ஒரு நிமிடம். அதற்குள் துடைத்து, சூடு காத்து, தலையைச் சரியாக வைத்து, மாஸ்க்கில் காற்றுக் கொடுக்கத் தொடங்கியிருக்க வேண்டும். நிமிடத்துக்கு 40 முதல் 60 முறை. அமெரிக்காவில் 1987-இல் தொடங்கிய என்ஆர்பி என்ற பிறந்த குழந்தை உயிர்மீட்புப் பயிற்சி 1996-இல் மலேசியாவுக்கு வந்தது இதற்காகத்தான். நெஞ்சை 3 முறை அழுத்தினால் 1 முறை காற்று. விரல் விட்டு எண்ணுகிறீர்களா? பயிற்சிப் பொம்மையிடமே திரும்பிப் போங்கள்.

தாத்தா, செந்தூல்: பேரன் ஆப்கார் மார்க் 10-க்கு 9. யுபிஎஸ்ஆரிலும் அசத்துவானா?

யுபிஎஸ்ஆரையே 2021-இல் தூக்கிவிட்டார்கள், ஐயா! ஆப்கார் என்பது வர்ஜீனியா ஆப்கார் என்ற மயக்க மருத்துவர் 1953-இல் வெளியிட்ட, பிறந்த குழந்தையின் நிலையை அளக்கும் கணக்கு. முதல் நிமிடத்தில் ஒரு மார்க், ஐந்தாம் நிமிடத்தில் ஒரு மார்க். நடுவில் டியூஷன் வைக்க நேரமில்லாத ஒரே பரீட்சை.

புதுத்தாய், பிரிக்ஃபீல்ட்ஸ்: மஞ்சள் பிடித்த குழந்தைக்குக் காலை வெயில் போதும் என்கிறார் மாமியார். நீல விளக்கு எதற்கு?

மாமியாருக்குப் பாதி மார்க். 1956 வாக்கில் இங்கிலாந்தின் ராச்ஃபோர்ட் மருத்துவமனையில் சிஸ்டர் வார்ட் குறைமாதக் குழந்தைகளை முற்றத்து வெயிலுக்குக் கொண்டுபோவார். ஒரு குழந்தையைத் திருப்பிக் கொண்டுவந்து டாக்டர்களிடம் காட்டினார்: துணி மறைத்த இடம் மஞ்சள், மற்ற இடம் வெளிறல். அதைப் பிடித்துக்கொண்டு 1958-இல் விளக்குச் சிகிச்சை வந்தது. டாக்டர்கள் பேப்பர் எழுதினார்கள். பார்த்தது மிஸ்ஸியின் கண்.

வெயிலை அளந்து கொடுக்க முடியாது, தோல் சுடும். விளக்குக்கு அளவு உண்டு. முதல் 24 மணி நேரத்தில் மஞ்சள் தெரிந்தால் பஞ்சாங்கம் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். இங்கே மலேசியாவில் தொப்புள்கொடி இரத்தத்தில் ஜி6பிடி என்ற நொதியைப் பார்க்கிறார்கள். குறைபாடு இருந்தால் அந்துருண்டை போட்ட பீரோத் துணியை அருகே கொண்டுவராதீர்கள், பாட்டி கட்டிய பட்டுப்புடவையாக இருந்தாலும்!

ஜூனியர் தாதி, ஷா ஆலாம்: ஆக்சிஜன் கூடினால் நல்லதுதானே?

பாடகர் ஸ்டீவி வொண்டர் 1950-இல் குறைமாதத்தில் பிறந்தார். இன்குபேட்டரில் ஆக்சிஜன் மிகுந்தது, பார்வை போயிற்று. குறைமாதக் குழந்தையின் ஆக்சிஜன் மானிட்டரில் மேல் எல்லைக்கும் அலாரம் வைப்பது அதனால்தான். அதை அணைத்துவிட்டுத் தே தாரிக் குடிக்கப் போகிறவருக்கு என் அகராதியில் அச்சேறாத சொல் ஒன்று இருக்கிறது.

அதே ஜூனியர்: சீனியர் மிஸ்ஸி மஞ்சள் 24ஜி ஊசியை ஒரே குத்தில் நரம்பில் ஏற்றுகிறார். ரகசியம் என்ன?

அவர் தேடிவிட்டுக் குத்துகிறார். நீங்கள் குத்திவிட்டுத் தேடுகிறீர்கள்.

தாதி, காப்பார்: மருந்தளவைத் திருப்பிக் கேட்டால் டாக்டர் முறைக்கிறார்.

முறைப்பு பத்து நிமிடத்தில் ஆறும். தசமப்புள்ளி ஓரிடம் நகர்ந்தால் மருந்து பத்து மடங்கு. கேளுங்கள். எந்தப் பயிற்சியிலும் புள்ளி கிடைக்காத பெரிய திறமை இதுதான்.

அப்பா, பந்திங்: கங்காரு முறையில் நானும் குழந்தையை நெஞ்சில் வைத்துக்கொள்ளலாமா?

தாராளமாக. 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்குபேட்டர் போதாமல் தொடங்கிய வழி. சட்டையைக் கழற்றினால் போதும், தொப்பைக்குத் தடையில்லை.

பாட்டி, பத்து தீகா: கிளினிக் மிஸ்ஸி வீட்டுக்கு வந்தால் என்ன பலகாரம் செய்யலாம்?

முறுக்கு பிறகு. முதலில் சோப்பும் தண்ணீரும் காட்டுங்கள், அப்புறம் சன்னல் திரையை விலக்கி, குழந்தையின் சட்டையைக் கழற்றிப் பகல் வெளிச்சத்தில் காட்டுங்கள். நாக்கில் தேன் தடவியிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.