நிலாவுக்கு ஏற்ற முகூர்த்தம்

கேள்வி: பௌர்ணமி நிலாவை செல்போனில் எடுத்தால் வெள்ளைப் பொட்டுதான் விழுகிறது. நல்ல கேமரா வாங்கித் தரும்படி கணவரிடம் கேட்கலாமா? (வாசகி, கும்பகோணம்)

பதில்: தாராளமாகக் கேளுங்கள், ஆனால் வேறு காரணம் சொல்லுங்கள். நமக்குத்தான் ராத்திரி, நிலாவில் நல்ல வெயில்! சுற்றியுள்ள இருட்டை நம்பி போன் வெளிச்சத்தைக் கூட்டிவிடுகிறது, நிலா வெளுத்துப்போகிறது. திரையில் நிலாவைத் தொட்டு, வெளிச்சத்தைக் குறையுங்கள். பாதி சரியாகும். மீதி, திதியின் குற்றம். பௌர்ணமியன்று வெயில் நேராக விழுவதால் பள்ளங்களுக்கு நிழலே இல்லை. நல்ல காரியத்துக்கு ஆகாதென்று ஒதுக்குகிறோமே, அந்த அஷ்டமிதான் நிலாப் படத்துக்கு முகூர்த்தம். சாய்வெயிலில் பள்ளமெல்லாம் எடுப்பாகத் தெரியும். (சூரியன் பக்கம் மட்டும் முறையான ஃபில்டர் இல்லாமல் போகாதீர்கள். கேமராவை வேறு வாங்கலாம், கண்ணை?)

இது எங்கே கொண்டுவிடும் என்பதையும் கணவரிடம் சொல்லிவிடுங்கள். ஆஸ்திரேலியாவில் ஆந்தனி வெஸ்லி என்ற கம்ப்யூட்டர் புரோகிராமர், 2009 ஜூலை 19 அன்று தன் வீட்டுத் தொலைநோக்கியில் வியாழனைப் படமெடுத்துக்கொண்டிருந்தார். அதன் தென்துருவத்தருகே புதிதாக ஒரு கறுப்புத் தழும்பு. ஏதோ மோதியிருக்கிறது! அவர் சொன்ன பிறகுதான் நாசா தன் பெரிய தொலைநோக்கியையே அந்தப் பக்கம் திருப்பியது.