பிழை 65280

2011-ல் திண்டுக்கல் ஆர்.எம். காலனி மாடியறை ஒன்றில் லிப்ரே ஆபிஸ் என்ற அலுவலக மென்பொருளை மூல நிரலிலிருந்து கம்பைல் செய்யப் போராடிக்கொண்டிருந்தேன். தமிழ்நாடெங்கும் மின்வெட்டு இருந்த காலம். ஆனால் என்னை அதிகம் வாட்டியது மின்வாரியம் அல்ல. மூல நிரலை ஓடும் மென்பொருளாக்கும் அதன் பில்ட் முறைதான்.

அது பழைய சொத்து. 1985-ல் ஜெர்மனியில் தொடங்கிய ஸ்டார் டிவிஷன், 1999-ல் அதை வாங்கிய சன் என்ற கணினி நிறுவனம், பிறகு ஓப்பன் ஆபிஸ் என்று கைமாறி, 2010 செப்டம்பரில் லிப்ரே ஆபிஸாகப் பிரிந்தது. நிரலுக்குள் ஜெர்மன் மொழிக் குறிப்புகள் அப்படியே கிடந்தன. பில்ட் முறையும் அந்தக் காலத்துச் சரக்கே. டிமேக் என்றொரு கருவி. பெரும்பாலோர் அதைக் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார்கள். அதை முதலில் கம்பைல் செய்ய வேண்டும். அதற்கு மேல் ஒரு பெர்ல் ஸ்கிரிப்ட், நூற்றுக்கும் மேற்பட்ட மாட்யூல்களுக்குள் ஒவ்வொன்றாகப் புகுந்து வரும். ஒன்றில் உருவானதை அடுத்தது எடுத்துக்கொள்ள, ‘டெலிவர்’ என்று தனியாக ஒரு படி. எதையுமே மாற்றாவிட்டாலும் டைரக்டரி டைரக்டரியாக எட்டிப் பார்க்காமல் அது ஓயாது.

நடுவில் நின்றால் திரையில் ‘எரர் 65280’ என்று வரும். எந்த வரியில் தவறு, எந்தக் கோப்பில் தவறு என்பதற்கு அந்த எண்ணில் ஒரு துப்பும் கிடையாது. உள்ளே ஒரு கட்டளை 255 என்று சொல்லித் தோற்றது. பெர்ல் அதை 256-ஆல் பெருக்கி வைத்திருக்கும் வடிவமே அப்படி அச்சானது. கீழேயே, இந்த மாட்யூலிலிருந்து மீண்டும் தொடங்கு என்று ‘பில்ட் --ஃப்ரம்’ கட்டளையும் வரும். அதைத் தட்டிவிட்டு உட்கார்ந்திருப்போம்.

மூல நிரல் எல்லோருக்கும் திறந்துதான் இருந்தது. ஆனால் ஒரு வரி திருத்த வந்தவர் முதல் பில்ட் முடிவதற்குள் திரும்பிப் போனார். எனக்குத் தெரிந்த நல்ல நிரலாளர்கள் சிலர் அப்படிப் போனார்கள் என்ற வருத்தம் இன்றும் உண்டு.

அந்த பில்ட் முறையைச் சரிசெய்தவர்கள் பியோர்ன் மிக்கேல்சன், மைக்கேல் ஸ்டால், டேவிட் டார்டோன் போன்றோர். புதுமையான கருவி எதையும் அவர்கள் தேடிப் போகவில்லை. 1976-ல் பெல் லேப்ஸில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதிய ‘மேக்’ வழிவந்த குனு மேக்கையே எடுத்துக்கொண்டார்கள். எல்லா மாட்யூல்களின் சார்புகளையும் ஒரே மேக் ஒருசேர அறியும்படி விதிகளை எழுதினார்கள். திட்டத்தை நிறுத்தவும் முடியாது. நூற்றுக்கணக்கானோர் நிரல் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். ஆகவே மாட்யூல் மாட்யூலாக மாற்றினார்கள். பழையதும் புதியதும் அருகருகே ஓடின. 2013 பிப்ரவரி 7-ல் 4.0 வெளியானபோது டிமேக் முழுதாக விடைபெற்றிருந்தது. எழுத்துருவோ பொத்தானோ மாறினால் பயனர் கவனிப்பார். இந்த வேலையை யாரும் கவனிக்கவில்லை. அந்தப் பதிப்பின் ஆகப்பெரிய சாதனை இதுதான் என்பேன்.

போன மாதம் சின்னாளப்பட்டியில் அக்கா மகன் அதே மென்பொருளைத் தன் லேப்டாப்பில் பில்ட் செய்தான். ஆட்டோஜென், மேக், அவ்வளவே. “ரெண்டே கட்டளைதானா மாமா?” என்று கேட்டான். முதல் பில்டுக்கு இப்போதும் மணிக்கணக்காகும். ஆனால் அதன் சொற்செயலியான ரைட்டரில் ஒரு கோப்பைத் திருத்திவிட்டு மீண்டும் மேக் கொடுத்தபோது, அந்தக் கோப்பும் அதைச் சார்ந்தவையும் மட்டுமே கம்பைலாயின. திருத்தத்தை, நிரலைப் பரிசீலிக்கும் கெரிட் தளத்தில் ஏற்றினான். லினக்ஸ், விண்டோஸ், மேக் ஓஎஸ் மூன்றிலும் அங்குள்ள இயந்திரங்களே பில்ட் செய்து பார்த்தன.

காந்திகிராமத்திலும் நம் பொறியியல் கல்லூரிகளிலும் படிக்கும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: லிப்ரே ஆபிஸில் புதியவர்களுக்கென்றே ‘ஈஸி ஹேக்ஸ்’ என்ற பணிப் பட்டியல் இருக்கிறது. இந்த விடுமுறையில் ஒன்றை எடுத்துச் செய்யுங்கள்.