தரையோடு படர்பவை

தாராபுரம் பக்கம் எங்கள் தோட்டத்தில், கிணற்று மேட்டிலிருந்து வாய்க்கால் இறங்கும் இடம் முழுக்கப் பொடுதலை. கணுவுக்குக் கணு வேர் விட்டு, மண்ணைவிட்டு நாலு விரல்கூட எழாமல் படர்ந்து கிடக்கும். நுனியில் பல் வெட்டிய சின்ன இலை. இலைக் கக்கத்திலிருந்து நீளும் காம்பின் உச்சியில் திப்பிலி போல ஒரு தலை, அதைச் சுற்றி வளையமாக வெள்ளையும் வெளிர் ஊதாவுமாகப் பொடிப் பூக்கள். மோட்டார் போட்டதும் குழாயிலிருந்து தண்ணீர் கொட்டும் வேகத்துக்கு வெறும் மண்ணாக இருந்திருந்தால் வாரத்தில் குழி விழுந்திருக்கும். அந்தக் கரை அரித்து நான் பார்த்ததில்லை.

களை வெட்ட வருகிறவர்களிடம் அப்பத்தா முதலில் சொல்வதே அதைத்தான். "வாய்க்காக் கரையில கொத்த வெக்காதீங்க. கரை நிக்கறதே அதுலதான்." எனக்குத் தலையில் பொடுகு வந்தால் அங்கிருந்துதான் ஒரு கைப்பிடி பறித்துவரச் சொல்வார். அம்மியில் அரைத்து, நல்லெண்ணெயில் காய்ச்சி, ஆறவைத்துத் தலையில் தேய்ப்பார். பறித்த இடம் பத்து நாளில் மூடிவிடும்.

எங்கள் ஊரில் யாரும் தோட்டக்கலை என்று ஒன்றைப் பேசிக் கேட்டதில்லை. ஆனால் ஒவ்வொரு மண்ணுக்கும் அதை மூடிக்கிடக்க ஒரு செடி இருந்தது, எதை எங்கே விடுவது என்று எல்லோருக்கும் தெரிந்தும் இருந்தது. தொட்டியடி ஈரத்தில் வல்லாரை. வேலியோரத்தில் சிறுபூளை. மேய்ச்சலுக்கு விட்ட கொறங்காட்டில் கொழுக்கட்டைப் புல்லுக்கு இடையே, மழை விழுந்த பிறகு விஷ்ணுகிராந்தி. வேலிகளுக்கு நடுவே போகும் இட்டேரியில் நெருஞ்சி; வெறுங்காலோடு ஓடும் பிள்ளைகள் அதன் மஞ்சள் பூவைப் பார்த்ததுமே ஒதுங்கப் பழகியிருந்தோம். மானாவாரிக் காட்டில் கொழுஞ்சி. கொழுஞ்சியை ஆடு மாடு விரும்பிக் கடிக்காது. கோடை முழுக்கத் தாழப் படர்ந்து மண்ணை மூடும், வேர் முடிச்சுகளில் காற்றின் நைட்ரஜனைச் சேர்த்து வைக்கும், உழும்போது அப்படியே மடங்கி உரமாகிவிடும். ஒரு செடி இதற்குமேல் என்ன செய்ய வேண்டும்?

இவை ஏன் எழாமல் கிடக்கின்றன என்பதற்கும் காரணம் உண்டு. மேயும் வாய்க்கும் மிதிக்கும் காலுக்கும் தப்ப வேண்டுமானால் குருத்து தரையோடு இருக்க வேண்டும். தண்டு மண்ணில் படும் இடமெல்லாம் வேர் இறங்கினால், ஒரு பக்கம் அறுந்தாலும் மறுபக்கம் பிழைத்துக்கொள்ளும். இலை மண்ணுக்கு அருகே விரிந்திருப்பதால் மழைத்துளி நேராக மண்ணைத் தாக்குவதில்லை. வெறும் மண்ணில் துளி விழும்போது மண்துகள் சிதறி மேற்பரப்பின் நுண்துளைகளை அடைத்துவிடுகிறது. அதன்பின் தண்ணீர் உள்ளே இறங்காமல் ஓடுகிறது, ஓடும்போது மேல்மண்ணையும் எடுத்துப் போகிறது. எங்கள் கரை நின்றதற்கும் நிலத்தடிக்கு நீர் இறங்கியதற்கும் அந்த நாலு விரல் உயரச் செடி காரணமாக இருந்தது.

இப்போது நான் இருப்பது கோவைக்கு வெளியே ஒரு லேஅவுட்டில். சைட் வாங்கியவர்கள் வீடு தொடங்கும்போது முதலில் வருவது ஜேசிபி. ஓர் அடி ஆழத்துக்கு மேல்மண்ணை வழித்து லாரியில் ஏற்றிவிடுவார்கள். அதில் சிறுபூளையும் விஷ்ணுகிராந்தியும் கொழுஞ்சியும், மண்ணில் உறங்கும் அவற்றின் விதைகளும் சேர்ந்து போய்விடும். பிறகு செம்மண் வாங்கி நிரப்புவார்கள். வாகனம் நிற்க பேவர் பிளாக். மிச்சமிருக்கும் இடத்தில் கொரியன் புல்.

கொரியன் புல் பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் இந்தக் கணக்கை யாரும் வீட்டுக்காரரிடம் சொல்வதில்லை. கோடையில் இங்கே ஒரு புல்தரை நாளொன்றுக்குச் சுமார் 5 மில்லிமீட்டர் நீரை ஆவியாக்கும். ஒரு சதுர மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் என்பது ஒரு லிட்டர். 5 சென்ட் புல்தரை என்றால் ஏறக்குறைய 200 சதுர மீட்டர். அதைப் பச்சையாக வைத்திருக்க நாளுக்கு 1,000 லிட்டர் ஊற்ற வேண்டும். கோடையில் குடிநீருக்கு முறை வைத்துத் திறந்துவிடும் ஊரில் இது பெரிய தொகை.

எங்கள் குடியிருப்பின் பொது இடத்தில் புல் இரண்டு கோடை தாங்கவில்லை. அதற்குப் பதிலாக என்ன வைப்பது என்று பேச்சு வந்தபோது, நிழலில்லாத மூலையில் தானாகவே பொடுதலை படர்ந்திருப்பதைக் காட்டினேன். தோட்ட வேலை பார்க்கும் அண்ணன் சிரித்தார். "அது களைங்க. எடுத்துப்போட்டுட்டு வெடிலியா வெச்சரலாங்க. ரெண்டு மாசத்துல ரொம்பிப்போயிருமுங்க." சங்கத்திலும் அதையே முடிவு செய்தார்கள்.

நம் ஊர்ச் சாலை நடுத்திட்டுகளிலும் அலுவலக வளாகங்களிலும் பளபளவென்ற இலையும் மஞ்சள் பூவுமாகத் தரையை மூடிக் கிடப்பது பெரும்பாலும் இந்த வெடிலியாதான். பிறப்பிடம் மத்திய அமெரிக்காவும் கரீபியத் தீவுகளும். இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம் தொகுத்த, உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு அயல் இனங்களின் பட்டியலில் இதுவும் ஒன்று. அண்ணன் சொன்னது பொய்யில்லை, இரண்டு மாதத்தில் நிரம்பிவிடும். நிரம்பியபின் நிற்காது என்பதுதான் தொல்லை. வெட்டிப் போட்ட தண்டு நீரில் மிதந்து போய், ஒதுங்கும் கரையில் வேர் பிடிக்கிறது. வாய்க்காலோரத்தில் அது வந்துவிட்டால் அங்கிருந்த வல்லாரைக்கும் பொடுதலைக்கும் வெயில் படாது.

வெடிலியாவுக்கு நெருங்கிய உறவு ஒன்று நம் மண்ணிலேயே இருக்கிறது: மஞ்சள் கரிசலாங்கண்ணி. இரண்டையும் குழப்பி, வெடிலியாவையே கரிசலாங்கண்ணி என்று கீரைக்குப் பறிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். வெடிலியா இலை பெரும்பாலும் மூன்று மடலாகப் பிரிந்திருக்கும், பூவும் பெரிது. நம்முடையது ஒடுங்கிய இலை, மடல் இல்லை, பூ சிறியது. பறிக்கும் முன் இலையைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அலங்காரத்துக்கென்று வந்தது காட்டுக்குள் போன கதை நமக்குப் புதிதுமில்லை. உன்னிச்செடி 1809-இல் கல்கத்தா தாவரவியல் பூங்காவுக்கு அழகுச் செடியாகத்தான் வந்தது. இன்று முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் யானைக்குப் புல் முளைக்க வேண்டிய இடத்தில் புதராக நிற்கிறது. அதன் நெருங்கிய உறவான, தாழப் படரும் ஊதாப்பூச் செடி இப்போது நர்சரிகளில் சட்டிக்கணக்கில் விற்கிறது.

வெளியூர்ச் செடி எல்லாமே ஆகாது என்று நான் சொல்லவரவில்லை. பத்துமணிப்பூவும் தென் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். வெயிலைத் தாங்கி, கொஞ்சம் தண்ணீரில் பூத்து, வைத்த சட்டியோடு அடங்கிக் கிடக்கிறது. என் மாடியில் ஒரு வரிசை வைத்திருக்கிறேன். ஜூனிபர் போன்ற குளிர்நாட்டுத் தரைப் புதர்களை வாங்கிவந்து கோவை வெயிலில் வாட்டுவதைவிட அது எவ்வளவோ மேல்.

பொடுதலைக்கு வருகிறேன். நம் அண்ணன் களை என்று ஒதுக்கிய செடி ஜப்பானின் கடற்கரைகளிலும் இயல்பாக வளர்கிறது. அங்கே உட்சுனோமியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குராமோச்சி என்ற ஆய்வாளர் அதிலிருந்து விதை பிடிக்காத ஒரு வகையை உருவாக்கினார். குராப்பியா என்ற பெயரில் அது கலிஃபோர்னியா போய்ச் சேர்ந்தது. வறட்சியில் அடிபட்ட அந்த மாநிலத்தில், புல்தரையை எடுத்துவிட்டுத் தண்ணீர் குறைவாகக் கேட்கும் செடி வைப்பவர்களுக்குத் தண்ணீர் வாரியங்கள் ஊக்கத்தொகை தருகின்றன. புல்லுக்கு மாற்றாகக் குராப்பியா நாற்றுகளைத் தட்டுத்தட்டாக வாங்கி நடுகிறார்கள். எங்கள் வாய்க்கால் கரையில் காசில்லாமல் கிடந்ததன் நெருங்கிய உறவு அது. இதைப் படித்தபோது எனக்குப் பெருமையாகவும் இருந்தது, வருத்தமாகவும் இருந்தது.

விஷ்ணுகிராந்திக்கும் இதே கதி. நர்சரியில் நீலப்பூப் பூக்கும் குட்டைச் செடி ஒன்றைப் புளூ டேஸ் என்று விற்கிறார்கள். பிரேசில் பக்கத்துச் செடி. விஷ்ணுகிராந்தியின் இனம்தான், பூ மட்டும் சற்றுப் பெரிது. நர்சரிக்குப் பக்கத்துக் காலி மனையில் நம் விஷ்ணுகிராந்தி காலையில் பூத்து, உச்சி வெயிலுக்குப் பின் மூடிக்கொண்டிருக்கும். கேரளத்தில் தசபுஷ்பம் என்று வழிபாட்டுக்கு வைக்கும் பத்துச் செடிகளில் அதுவும் ஒன்று, சிறுபூளையும் ஒன்று.

சிறுபூளையைச் சொல்லும்போது மனசு கொஞ்சம் கனக்கிறது. எங்கள் பக்கம் போகியன்று காப்புக் கட்ட வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றும் வேண்டும். வீட்டுக் கூரையில், கட்டுத்தாரையில், கிணற்றில், விளைந்த காட்டின் மூலையில் எல்லாம் செருகுவோம். பொழுது சாயும் முன் சிறுவர்கள் போய் வேலியோரத்தில் ஒடித்து வருவோம். கேட்க ஆள் கிடையாது, காசும் கிடையாது. இப்போது கோவையில் போகிக்கு முதல்நாள் சாலையோரத்தில் கட்டுக்கட்டாக விற்கிறார்கள், வாங்கித்தான் வருகிறேன். விற்பவர்களுக்கு அது பிழைப்பு, நல்லதே. ஆனால் வறண்ட நிலத்தில் உரமும் தண்ணீரும் கேட்காமல் வளர்ந்து, வெள்ளைப் பஞ்சுக் கதிரோடு மார்கழி முழுக்க நிற்கும் ஒரு குட்டைப் புதரை நடைபாதை ஓரத்தில் வரிசையாக வளர்க்க எந்தத் தோட்டக்காரருக்கும் தோன்றவில்லையே என்பது என் ஆற்றாமை.

கடற்கரையிலும் இதுவேதான் நடக்கிறது. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் பெயர் சொல்லி அடுக்கிய 99 பூக்களில் அடும்பும் உண்டு. உப்புக் காற்றிலும் கொதிக்கும் மணலிலும் நீளமாக ஓடி மணல்மேட்டைப் பிடித்து வைப்பது அந்தக் கொடி. கிழக்குக் கடற்கரைச் சாலை வீடுகளில் அதை வழித்தெடுத்துவிட்டு, லாரித் தண்ணீரில் கொரியன் புல் வளர்ப்பதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது பொறுக்கவில்லை.

நான் இப்போது செய்வதைச் சொல்கிறேன். எங்கள் வீட்டு முன்பக்கத்தில் வெயில் விழும் இடத்தை நாலு விரல் ஆழம் கொத்தி, கொஞ்சம் மட்கிய சாணியெரு கலந்து, வேர் விட்ட பொடுதலைத் தண்டுகளை ஓர் அடிக்கு ஒன்றாக நட்டேன். நட ஏற்ற நேரம் மழை தொடங்கும் வாரம். மூடும்வரை இடையில் வரும் கோரையைக் கையால் எடுக்க வேண்டும். அந்த வேலையை விட்டால் கோரைதான் ஜெயிக்கும். மூடியபின் வேலை குறைவு. ஓரம் தாண்டி வருவதை மண்வெட்டியால் நறுக்கிவிட்டால் போதும். நிழலில் சரியாக வராது, அங்கே ஈரம் இருந்தால் வல்லாரை வையுங்கள். பொடுதலைப் பூவுக்குத் தேனீ நிறைய வரும், அதனால் பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடும் இடத்தில் மட்டும் வேண்டாம். மயில் வசீகரன் பட்டாம்பூச்சியின் புழுக்கள் இதன் இலையைத் தின்னும். இலையில் ஓட்டை விழுந்தால் மருந்தடிக்க ஓடாதீர்கள்.

வீடு கட்டப் போகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். ஜேசிபி வருவதற்கு முன் ஒருமுறை மனையைச் சுற்றி நடந்து, தரையில் படர்ந்திருப்பதைக் குனிந்து பாருங்கள். ஊரில் வயதானவர் யாராவது இருந்தால் கூட்டிவந்து காட்டுங்கள். பெயரும் பயனும் அவர்கள் சொல்வார்கள். மேல்மண்ணை விற்காமல் ஒரு மூலையில் குவித்து வைத்து, வேலை முடிந்ததும் திரும்பப் பரப்புங்கள். விதை அதில்தான் இருக்கிறது. ஏற்கெனவே வெடிலியா வைத்திருந்தால் வேரோடு எடுத்து, நன்றாக வெயிலில் காயவிடுங்கள். வாய்க்காலில் மட்டும் எறிந்துவிடாதீர்கள். ஒரே ஒரு கணு போதும், அது மறுபடி வேர் பிடிக்கும்.