சாம்பார் வைத்தால் வானம் இறங்கும்

வானம் பார்க்கக் காசு வேண்டாம் என்று சொல்பவர்கள் கழுத்துக்குத் தைலம் வாங்கியதில்லை. 10×50 பைனாகுலரோடு மொட்டைமாடி ஏறிய முதல் வாரமே எனக்கு அது விளங்கிவிட்டது. பத்து மடங்கு என்றால் நட்சத்திரத்துக்கு மட்டுமா? கை நடுக்கத்துக்கும் அதே பத்து மடங்கு. முக்கால் கிலோவுக்கு மேல் கனக்கும் சாமானை அண்ணாந்து பிடித்தால், இரண்டே நிமிடத்தில் வியாழன் கரகாட்டம் ஆடத் தொடங்கும். அதன் நான்கு பெரிய நிலாக்களும் பக்கத்தில் நின்று தாளம் போட்டிருக்கலாம், நான் பார்க்கவில்லை.

இதில் இன்னொரு வில்லங்கம். அடிவானமெல்லாம் தூசியும் புகையும். தலைக்கு நேர் மேலேதான் வானம் தெளிவு. எங்கள் திருப்பத்தூர்ப் பக்கம் கார்த்திகைப் பெண்கள் ஏறும்போது, கிட்டத்தட்ட உச்சந்தலைக்கே வந்துவிடுவார்கள். கழுத்தைப் படைத்தவன் இதை யோசிக்கவில்லை.

பரணிலிருந்து தாத்தாவின் ஈஸி சேரை இறக்கினேன். இரண்டு கையிலும் கொசுவலைக் கம்பைக் கட்டி, நடுவில் சைக்கிள் டியூபில் பைனாகுலரைத் தொங்கவிட்டேன். தூளி மாதிரி ஆடியது. மூச்சு விட்டால் வானம் எழும்பியது, இழுத்தால் இறங்கியது. வலை இல்லாத கம்புக்குள் படுத்திருந்த என்னைக் கொசுக்கள் எப்படி எடுத்துக்கொண்டன என்பதை இங்கே விவரிக்கப்போவதில்லை.

வெளிநாட்டில் இதற்கென்றே ஒரு தாங்கி விற்கிறார்கள். நான்கு சட்டங்களை இணைகரமாகப் பூட்டி, ஒரு முனையில் பைனாகுலர், மறுமுனையில் எடை. ஏற்றினாலும் இறக்கினாலும் விட்ட இடத்தில் நிற்கும். பார்க்கும் திசையும் மாறாது. ஏற்றம் இறைத்த வம்சத்துக்கு இது என்ன பெரிய வித்தை? தச்சரைக் கூப்பிட்டு நாலு சட்டம், நாலு போல்ட். மறுமுனைக்குக் கனம் பார்த்து ஒரு கிலோ துவரம் பருப்புப் பொட்டலம்.

சாய்ந்தேன். சும்மா பார்த்தால் ஆறாகத் தெரிந்த பெண்கள், திருவிழாவுக்கு ஊரையே அழைத்து வந்ததுபோல் நீலமாகக் குவிந்திருந்தார்கள். ஒருத்திகூட அசையவில்லை. 440 ஒளியாண்டு தூரம். அந்த வெளிச்சம் புறப்பட்டபோது சென்னையில் கோட்டையே கிடையாது.

மறுநாள் பைனாகுலர் மெல்ல இறங்கி மூக்கில் உட்கார்ந்தது. போல்ட்டை இறுக்கினேன். அதற்கு மறுநாள் வேகமாகவே இறங்கியது. தச்சரை மனதுக்குள் திட்டினேன். நான்காம் நாள் பொட்டலத்தைத் தடவிப் பார்த்தால் பாதிதான் இருக்கிறது.

“ஏங்க, மாடியில சும்மாதானே தொங்குது? சாம்பாருக்குக் கொஞ்சம் எடுத்தேன்,” என்றாள் மனைவி.

பருப்பு போய் மணல் பை வந்தது. அதோடு தீர்ந்தது என்றிருந்தேன். “என்னடா அது?” என்று அப்பா வந்து ஒரு தரம் சாய்ந்து பார்த்தார். ஐந்து நிமிடம் பேச்சே இல்லை. “இத்தனை வயசுக்கு இப்பதான்டா கார்த்திகையப் பாக்கிறேன்” என்றார்.

பக்கத்தில் காவலூரில் 2.34 மீட்டர் ஆடியோடு வைணு பாப்பு தொலைநோக்கி இருக்கிறது. அங்கே ஆராய்ச்சியாளர்களுக்கு முறைவைத்து இரவுகளை ஒதுக்குகிறார்கள். எங்கள் வீட்டு 50 மில்லிமீட்டருக்கு அந்த நியாயம் கிடையாது. சாப்பாடு முடிந்ததும் அப்பா மாடி ஏறிவிடுகிறார். தூங்கட்டும், நம் முறை வரும் என்று காத்திருந்தேன். தூங்கத்தான் செய்கிறார், அதே நாற்காலியில், பைனாகுலரைப் பிடித்தபடி.

நான் பக்கத்தில் நின்று வெறுங்கண்ணால் அண்ணாந்து பார்க்கிறேன். ஆறு தெரிகிறது. போன வெள்ளிக்கிழமை இரண்டாவது தைலப் பாட்டிலை உடைத்தாயிற்று.