ஸிம்மர்களும் திருச்சுழியும்: குடும்பப்பெயர் குறித்து ஓர் ஆராய்ச்சி

அருப்புக்கோட்டையில் பஸ் ஏறித் திருச்சுழி போவதற்குள் பக்கத்து சீட்டுக்காரர் இரண்டு கேள்வி கேட்டுவிடுவார்: “எந்த ஊரு? யாரு மகன்?” ஆளை அடையாளம் காண இதுவே போதும் என்பது கரிசல்காட்டுக் கொள்கை. குடும்பப்பெயர் வேண்டும் என்பது ஜெர்மானியக் கொள்கை. எது தேறும் என்பதே இந்த ஆய்வு.

சான்று 1: ஸிம்மர். வேதகால வாழ்க்கை பற்றி 1879-இல் நூல் வெளியிட்டவர் ஹைன்ரிஹ் ஸிம்மர். இந்தியத் தத்துவத்தையும் சிற்பத்தையும் பற்றி எழுதி 1943-இல் மறைந்தவரும் ஹைன்ரிஹ் ஸிம்மர். முன்னவர் அப்பா, பின்னவர் மகன். இருவரையும் பிரித்துக்காட்ட 1851, 1890 என்று பிறந்த ஆண்டைப் போடவேண்டியிருக்கிறது. நம் பக்கம் தாத்தா பேர் பேரனுக்குத்தான் போகும். தப்பித்தவறி மகனுக்கே வைத்தாலும் ‘ஹை. ஹைன்ரிஹ்’ என்றால் வம்பு தீர்ந்தது. ‘லயன் கிங்’, ‘டியூன்’ படங்களுக்கு ஆஸ்கர் வாங்கிய ஹான்ஸ் ஸிம்மர் இவர்களுக்குப் பங்காளியா? பெயரைப் பார்த்துச் சொல்ல வழியில்லை. குலசாமி எது என்று கேட்கத்தான் வேண்டும்.

சான்று 2: அதே 1879, டிசம்பர் 30. திருச்சுழி வக்கீல் சுந்தரம் ஐயருக்கு வெங்கடராமன் பிறந்தார். பிற்கால ரமண மகரிஷி. 1896 ஆகஸ்ட் 29 அன்று மதுரையில் வீட்டைவிட்டுக் கிளம்பியபோது எழுதிவைத்த சீட்டில், கையெழுத்து வேண்டிய இடத்தில் வெறும் கோடு. பிறகு திருவண்ணாமலையில், பேரும் ஊரும் தெரியாமல் நகரமாட்டேன் என்று தாலுகா ஆபீஸ் கணக்கர் ஒருவர் அடம்பிடித்தார். மௌனத்தில் இருந்த இளைஞர் ஆங்கிலத்தில் எழுதிக்கொடுத்தது இவ்வளவுதான்: வெங்கடராமன், திருச்சுழி. ஆங்கில எழுத்தில் வந்த ‘ழி’ கணக்கருக்குப் பிடிபடவில்லை. பெரிய புராணத்தைப் புரட்டி ஊர்ப்பெயரைக் காட்டவேண்டியதாயிற்று. ரமணரைப் பற்றி மகன் ஸிம்மர் எழுதிய நூலை 1944-இல் பதிப்பித்தவர் உளவியலாளர் யுங். எழுதியவர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. பதிப்பித்தவர் 1938-இல் சென்னை வரை வந்தும் திருவண்ணாமலைக்குப் போகவில்லை.

சான்று 3: மல்லாங்கிணறு தங்கபாண்டியன். மகன் தங்கம் தென்னரசு, அப்பா பேரில் பாதியை முன்னால் வைத்துக்கொண்டார், திருச்சுழியின் எம்.எல்.ஏ. ஆனார். மகள் தமிழச்சி தங்கபாண்டியன், முழுப்பேரையும் பின்னால் வைத்துக்கொண்டார். ‘வனப்பேச்சி’ எழுதியவர், தென்சென்னை எம்.பி. ஜெர்மானியப் பதிவாளர் யாரேனும் கணக்கெடுக்க வந்தால், இவர்களை இரண்டு குடும்பமாக எழுதிவிட்டுப் போவார். மல்லாங்கிணறு டீக்கடையில் ஒருமுறை விசாரித்துவிட்டுப் பேனாவை எடுத்தால் அவருக்கு நல்லது.